மாம்பாக்கத்துச் சாவிக்கொத்து

ஜான்சியை அவள் அண்ணன் பிரிட்டோவோடு சேர்த்துக் கட்டித்தான் தினமும் வேலைக்கு அனுப்பினாள் சரசு. பேச்சுக்குச் சொல்வதல்ல, நிஜமாகவே கட்டுவாள். ராஜகீழ்ப்பாக்கத்தில் அவர்கள் வீட்டு கேட்டுக்கு வெளியே பைக் நிற்கும். பிரிட்டோ ஏறி உட்காருவான். பின்னால் ஜான்சி. சரசு ஒரு பழைய துப்பட்டாவை இருவர் இடுப்பையும் சுற்றிக் கொண்டுவந்து, மகன் வயிற்றுக்கு முன்னால் முடிச்சுப் போடுவாள். முடிச்சை ஒருமுறை இழுத்தும் பார்ப்பாள்.

"மூச்சு விடணும்மா" என்பான் பிரிட்டோ.

"மெதுவா வுடு" என்பாள் சரசு.

ஜான்சிக்கு வயது இருபத்துமூன்று. பி.எஸ்ஸி. வேதியியல் படித்தவள். கேளம்பாக்கத்தில் ஒரு தண்ணீர் பரிசோதனை லேபில் வேலை. பன்னிரண்டு வயதில், பள்ளிக்கூட மைதானத்தில் காலைப் பிரார்த்தனை நடந்துகொண்டிருந்தபோது முதல் வலிப்பு வந்தது. பிறகு பலமுறை. மாத்திரையில் மெல்ல அடங்கி, கடைசியாக வந்து ஒன்றரை வருஷம் ஆகிவிட்டது. ஆனால் வீடு மட்டும் அந்த முதல் நாளிலேயே நின்றுபோயிருந்தது. பாத்ரூம் கதவின் தாழ்ப்பாளைக் கழற்றி எடுத்ததை யாரும் திரும்ப மாட்டவில்லை. வீட்டில் அவளைத் தனியாக விட்டதே இல்லை. அதற்காக சரசு வெளியே போவதையே விட்டிருந்தாள். அப்பா ஏசுபாதம் மஸ்கட்டில் ஏசி மெக்கானிக். அவர் போன் செய்தால் முதல் கேள்வி, "பாப்பா மாத்திரை போட்டுச்சா?" என்பதுதான்.

லேபுக்கு ஒரு தெரு முன்னாலேயே பைக்கை நிறுத்தச் சொல்லி, முடிச்சை அவிழ்த்துக்கொண்டு நடந்து போவாள் ஜான்சி. ஒருநாள் கூட வேலை செய்யும் ஷீலா பார்த்துவிட்டாள்.

"என்ன ஜான்சி, உன்னைப் பார்சல் பண்ணி அனுப்புறாங்களா?"

ஜான்சியும் சிரித்தாள். அன்று முழுக்க லேபில் பிப்பெட் குழாய்களைக் கழுவும்போதெல்லாம் அந்தச் சிரிப்பு அவள் முகத்தில் எரிந்துகொண்டிருந்தது.

பிரிட்டோவுக்குச் சிறுசேரி கம்பெனியில் நைட் ஷிஃப்ட் போட்டபோதுதான் சிக்கல் வந்தது. காலையில் அவன் வீடு திரும்பும் நேரத்தில் இவள் கிளம்ப வேண்டும்.

"விட்ரு. வேற வேலை கிட்டக்க பாத்துக்கலாம்" என்றாள் சரசு.

"கிட்டக்க வேற லேப் இல்லம்மா."

"அப்ப வீட்ல இரு. உன் சம்பளத்துலயா அடுப்பு எரியுது?"

ஜான்சி எதிர்த்துப் பேசுகிறவள் இல்லை. கல்லூரியில் பெயர் கூப்பிடும்போது அவள் சொன்ன 'பிரசென்ட் மேம்' எட்டாமல் ஆப்சென்ட் வாங்கியவள். ஆனால் அன்று சோற்றுத் தட்டைத் தள்ளி வைத்துவிட்டு, "நான் பஸ்ல போறேன்" என்றாள். அடுத்த வாரம், பக்கத்து வீட்டுக்காரரை வீட்டில் காவல் வைத்துவிட்டு, மூவரும் டாக்டர் முன்னால் உட்கார்ந்திருந்தார்கள்.

டாக்டர் துப்பட்டா விஷயத்தைக் கேட்டதும் பேனாவை மூடினார். "கட்டிக்கிட்டா போறீங்க? ஏம்மா, இந்தப் பொண்ணுக்கு வழியில ஃபிட்ஸ் வந்தா ரெண்டு பேரும் சேர்ந்துல்ல விழுவாங்க? பஸ் எவ்வளவோ மேல்."

சரசுவின் வாய் திறந்தபடியே இருந்தது. பிரிட்டோ வயிற்றைத் தடவிக்கொண்டான்.

"படியில நிக்கக் கூடாது. உள்ள உக்காரணும். பக்கத்துல யார் உக்காந்தாலும் அவங்ககிட்ட ஒரு வார்த்தை சொல்லி வெச்சிடணும். எனக்கு ஃபிட்ஸ் வரும், வந்தா ஒருக்களிச்சுப் படுக்க வைங்க, வாயில எதுவும் திணிக்காதீங்க. அவ்ளோதான்."

வீட்டுக்கு வந்ததும் சரசு அதையே சட்டமாக்கினாள். "ஒரு நாள் சொல்லாம போனேன்னு தெரிஞ்சா, அன்னியோட வேலை கட்."

அவ்ளோதான் என்று டாக்டர் சொன்னதுதான் ஜான்சிக்கு மலையாக இருந்தது.

முதல் நாள் சரசு தாம்பரம் வரை வந்து கேளம்பாக்கம் பஸ்ஸில் ஏற்றிவிட்டாள். பக்கத்தில் ஒரு பெண் வந்து உட்கார்ந்தாள், மடியில் டிபன் கூடை. ஜான்சி வாக்கியத்தை மனத்துக்குள் தயார் செய்தாள். அக்கா, ஒரு விஷயம். வண்டலூர் போனது. கொளப்பாக்கம் போனது. அந்தப் பெண் கண்டிகையில் இறங்கிப் போனாள். வாக்கியம் ஜான்சியின் தொண்டையிலேயே இருந்தது.

"சொன்னியா?" என்று கேட்டாள் சரசு, அன்று மாலை கதவைத் திறந்த உடனே.

"சொன்னேன்."

"யார்கிட்ட?"

"ஒரு அக்காகிட்ட."

"இன்னா சொன்னாங்க?"

"சரின்னாங்க."

சரசு மார்பில் சிலுவை போட்டுக்கொண்டாள். மறுநாளும் அதே கேள்வி, அதே அக்கா. மூன்றாம் நாள் சரசு, அந்த அக்காவுக்கு என்ன ஊர் என்று கேட்டாள். மாம்பாக்கம் என்று வாய்க்கு வந்ததைச் சொன்னாள் ஜான்சி. பிள்ளைகள் இருக்கிறார்களா என்று கேட்டாள். ரெண்டு என்று வந்தது. அடுத்த வாரம் பின்பக்க மரத்துக் கொய்யா பழுத்தது. சரசு நல்லதாக நான்கு பொறுக்கி ஒரு கவரில் போட்டுக் கொடுத்தாள்.

"அந்த அக்காவுக்குக் குடு. உன்னைப் பாத்துக்கறாங்க, நம்ம சும்மா இருந்தா நல்லாவா இருக்கும்?"

ஜான்சி நான்கு கொய்யாவையும் பஸ்ஸிலேயே தின்று முடித்தாள். கொய்யாவைத் தொடர்ந்து முறுக்கு வந்தது, முறுக்கைத் தொடர்ந்து ஒரு ஞாயிற்றுக்கிழமைக் கேக் துண்டு வந்தது. இல்லாத அக்கா ஒருத்தி நன்றாகச் சாப்பிட்டு வளர்ந்துகொண்டிருந்தாள். ஜான்சிக்கும் கொஞ்சம் சதை போட்டது.

பொய்யைத் தவிர மற்றதெல்லாம் நன்றாக இருந்தது. ஜன்னல் ஓரம் உட்கார்ந்து போவது நன்றாக இருந்தது. கண்டக்டர் பக்தவச்சலம், "இன்னாமா, லேப்பு" என்று தலையாட்டி இலவச டிக்கெட்டைக் கிழித்து நீட்டுவது நன்றாக இருந்தது. இறங்கி, தன் காலால் லேப் வாசல்வரை நடந்துபோவது எல்லாவற்றையும்விட நன்றாக இருந்தது. அந்த மாதம் லேபில் அவளைக் கழிவுநீர்ச் சோதனையில் தனியாக விட்டார்கள். அபார்ட்மெண்டுகளில் சுத்திகரித்து வெளியே விடும் தண்ணீரைப் புட்டிகளில் அடைத்து, இருட்டான குளிர்பெட்டியில் ஐந்து நாள் வைத்து, அதில் ஆக்சிஜன் எவ்வளவு குறைந்திருக்கிறது என்று பார்க்க வேண்டும். ஐந்தாம் நாள் பார்க்காவிட்டால் அந்தப் புட்டிகள் எதற்கும் ஆகாது. மறுபடி முதலிலிருந்து தொடங்க வேண்டும்.

அவள் தனியாக வைத்த முதல் வரிசைக்கு அந்த வெள்ளிக்கிழமை ஐந்தாம் நாள்.

முந்தின இரவு ராஜகீழ்ப்பாக்கத்தில் கரண்ட் போய்விட்டது. புழுக்கத்தில் அவள் சரியாகத் தூங்கவில்லை. காலையில் மாத்திரை போட்டுக்கொண்டுதான் கிளம்பினாள். பஸ் வண்டலூரில் திரும்பியபோது, பால் தீய்ந்த வாசனை மூக்கில் ஏறியது. பஸ்ஸில் யார் பால் காய்ச்சுவார்கள்? வலிப்புக்கு முன்னால் எப்போதும் வரும் அந்த வாசனை அவளுக்குத் தெரியும். பக்கத்தில் இருந்தவர் பக்கம் திரும்ப வேண்டும் என்று நினைத்தாள். அதுவரைதான் ஞாபகம்.

பிறகு வெளிச்சம் வந்தது. பஸ் கூரை தெரிந்தது. நாக்கு ஓரத்தில் ரத்தத்தின் உப்பு. யாரோ முகத்தில் தண்ணீர் அடித்திருந்தார்கள். சுடிதார் நனைந்திருக்கிறதா என்றுதான் முதலில் தடவிப் பார்த்தாள். மேலேதான் ஈரம், கீழே இல்லை. உடம்பெல்லாம் அடித்துப் போட்டதுபோல வலித்தது. பக்தவச்சலத்தின் முகம் குனிந்து ஏதோ கேட்டது. சொற்கள் வந்து மோதினவே தவிர உள்ளே ஒட்டவில்லை. முன் சீட்டில் அவளை உட்கார வைத்தார்கள். பஸ் கிளம்பியது. கண்டிகை தாண்டிய பிறகுதான் அவள் பெயர், கிழமை, ஐந்தாம் நாள் எல்லாம் ஒவ்வொன்றாகத் திரும்பி வந்தன.

"ரெண்டு நிமிஷம்கூட இருக்காதுமா. ஆனா எனக்கு உசிரே போயிருச்சு" என்றார் பக்தவச்சலம். "ஆபீஸ் போறவங்க எல்லாம் பின்னால வந்த வண்டில ஏறிட்டாங்க. இப்ப எப்டி கீது?"

"பரவால்லண்ணா."

"வூட்டு நம்பர் குடு. ஒரு போன் போட்டுர்றேன். வந்து இட்டுகினு போவட்டும்."

ஜான்சி கையைப் பார்த்தாள். வலது கை இன்னும் இறுக மூடியிருந்தது. விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்தாள். உள்ளே ஒரு சாவிக்கொத்து. நான்கு சாவிகள். ஒன்று நீளமானது, அதன் தலையில் சிவப்பு நூல் சுற்றியிருந்தது. சாவிப் பல் உள்ளங்கையில் பதிந்து தடமாகியிருந்தது.

"இது யாரோடதுண்ணா?"

பக்தவச்சலம் தலையைச் சொறிந்தார். "இரும்பு குடு இரும்பு குடுன்னு ஆளாளுக்குக் கத்துனாங்கமா. ஏழெட்டுப் பேரு சாவிய எடுத்துக் குடுத்தாங்க. நானும் பைக் சாவி குடுத்தேன், பின்ன வாங்கிகினேன். இது யாரோ வாங்காமயே அந்த வண்டில ஏறிட்டாங்க போல. அத உடு. நம்பர் சொல்லு."

நம்பரைச் சொன்னால் என்ன நடக்கும் என்று ஜான்சிக்குத் தெரியும். பிரிட்டோ தூக்கத்தில் எழுந்து பறந்து வருவான். வீட்டுக்குப் போவாள். சொன்னாயா என்று அம்மா கேட்பாள். கண்டக்டர், யாருக்குமே தெரியாதேம்மா என்பார். வேலை கட். புட்டிகள் குளிர்பெட்டிக்குள்ளேயே கிடக்கும். துப்பட்டாவுக்குக்கூட இனி வேலை இருக்காது.

"நானே அம்மாகிட்ட சொல்றேண்ணா. மறைக்க மாட்டேன்" என்றாள். "ஆனா இத மொதல்ல குடுத்துட்டு. பாவம், வீட்டுச் சாவியா என்னவோ."

"நீ இருக்கற நெலமைல ஊரான் சாவிய பத்தி பேஜார் படுறியே!"

கொத்தில் ஒரு பிளாஸ்டிக் வில்லை தொங்கியது. மாம்பாக்கத்து ஜாபர் ஹார்டுவேர்ஸ் என்று அச்சடித்து, கீழே ஒரு போன் எண். அறிமுகம் இல்லாதவருக்கு ஜான்சி போன் செய்ததே இல்லை. மருந்துக்கடைக்குக்கூட பிரிட்டோதான் செய்வான். எண்ணை இரண்டு தடவை தப்பாக அழுத்தி அழித்தாள். வலிப்பின் மிச்சமா, கூச்சமா என்று அவளுக்கே தெரியவில்லை.

"சாவியா? அந்த வில்லைய நாங்க ஊரு பூரா குடுத்திருக்கோம்மா" என்றது ஒரு குரல். "அடையாளம் எதுனா கீதா?"

"நீளமான சாவி ஒண்ணு. தலையில செவப்பு நூல் சுத்தியிருக்கு."

"செவப்பு நூலா? அட, தையல்கார நஃபீசாக்காது. எதுத்த கடைதான். ஷட்டர் முன்னால நின்னு கத்திகினு கீறாங்க. பூட்ட ஒடைக்கச் சுத்தி கேட்டு இப்பதான் ஆள் அனுப்புனாங்க."

"ஒடைக்க வேணாம்னு சொல்லுங்க சார். நான் கொண்டு வரேன்." அவள் குரல் அவளுக்கே உரக்கக் கேட்டது.

மாம்பாக்கத்தில் பக்தவச்சலம் கையைப் பிடித்து இறக்கிவிட்டார். பஸ் கிளம்பிய பிறகும் படியில் நின்று பார்த்துக்கொண்டே போனார்.

ஷட்டர் முன்னால் நஃபீசா நின்றிருந்தாள். நாற்பது வயதிருக்கும். கழுத்தில் அளவு டேப். சுற்றிலும் நான்கைந்து பெண்கள். ஒருத்தி வீட்டில் மறுநாள் கல்யாணம். தைத்த ரவிக்கைகள் அத்தனையும் உள்ளே இருந்தன.

"நேத்தே வாங்கியிருப்பேன், நீதான் கொக்கி வைக்கணும்னே" என்று அந்தப் பெண் பிடித்துக்கொண்டிருந்தாள்.

ஜான்சி கையை நீட்டினாள். நஃபீசா சாவியைப் பார்த்தாள், பிறகு முகத்தைப் பார்த்தாள், பிறகு வாயில் கை வைத்துக்கொண்டாள்.

"அல்லா! நீயா? நீ ஏம்மா எறங்கி வந்தே? நீ நடக்கலாமா?" சாவியை வாங்க மறந்து ஜான்சியின் தோளைப் பிடித்துக்கொண்டாள். "உன் கை அப்டி இறுகிருச்சு. வரவேயில்ல. அந்த பஸ்ஸு ஹார்ன் அடிச்சிகினே கீது. சரி, புள்ள உசிருதானே பெருசு, சாவி போனா போவட்டும்னு ஏறிட்டேன். இங்க வந்தா இதுங்க என்னை உரிக்குதுங்க."

"ரொம்ப தேங்க்ஸ்க்கா" என்றாள் ஜான்சி. அதோடு நிறுத்தியிருக்கலாம். எத்தனை மாதமாகத் தொண்டையில் இருந்ததோ, அது இப்போது ஐந்தாறு பேர் நடுவில், பட்டப்பகலில் வெளியே வந்தது. "ஆனா அடுத்த தடவை சாவி குடுக்காதீங்கக்கா. எனக்கு ஃபிட்ஸ் வியாதி இருக்கு. வந்தா ஒருக்களிச்சுப் படுக்க வெச்சா போதும். கையில, வாயில எதுவும் வேணாம்."

"நான் இரும்பு குடுத்ததும்தானே நின்னுச்சு?" என்றாள் நஃபீசா.

"குடுக்காட்டியும் நின்னிருக்கும். தானா வரும், தானா நிக்கும். அஞ்சு நிமிஷத்துக்கு மேல போனாதான் ஆம்புலன்ஸ் கூப்பிடணும்."

"எங்க சித்தப்பாவுக்கு எப்பவும் இரும்புதான் குடுப்பாங்க" என்றாள் கல்யாண வீட்டுக்காரி.

"இரும்பு குடுக்காம ஒரு தடவையாவது விட்டுப் பாத்தீங்களாக்கா? ரெண்டையும் பாத்தாதானே எதுனால நின்னுச்சுன்னு தெரியும்?"

அந்தப் பெண் யோசித்தாள். "இல்ல, பாக்கல" என்று ஒப்புக்கொண்டாள்.

"அப்ப என் சாவி வேஸ்ட்டா?" என்றாள் நஃபீசா.

"உங்க கடைதான் தொறக்காம போச்சு."

யாரோ சிரித்தார்கள். நஃபீசாவே சிரித்துவிட்டாள். ஷட்டர் மேலே போனது. கல்யாண வீட்டுக்காரி ரவிக்கைகளை அள்ளிக்கொண்டு ஓடினாள். துணி வெட்டும் மேசைக்குப் பின்னால் பாய் விரித்து, ஜான்சியைப் படுக்க வைத்தாள் நஃபீசா. ஜான்சி படுத்தபடி லேபுக்குப் போன் செய்து நடந்ததைச் சொன்னாள். ஷீலா எடுத்தாள். எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டாள். பிறகு, "உன் புட்டியை யாரும் தொடமாட்டோம். மத்தியானமா மெதுவா வா. நான் பக்கத்துல நிக்கிறேன்" என்றாள். பார்சல் என்று சொன்ன ஷீலாதான்.

டாக்டர் க்ளினிக்குக்கும் சொன்னாள். தூக்கம் கெட்டதைக் கேட்டுக்கொண்டு, ஓய்வெடுக்கச் சொல்லி, திங்கட்கிழமை வரச் சொன்னார்கள். எல்லாருக்கும் சொல்லியாயிற்று. மிஞ்சியது ஒரு எண்தான். அதற்குத்தான் அதிக நேரம் பிடித்தது.

"அம்மா, பயப்படாத. ஃபிட்ஸ் வந்துச்சு. இப்ப நல்லாருக்கேன். மாம்பாக்கத்துல நஃபீசாக்கா கடையில படுத்திருக்கேன்."

அடுத்த முனையில் 'ஏசப்பா' என்று ஒரு சத்தம். உடனே போன் கட்டாகிவிட்டது.

ஜான்சி தூங்கி எழுந்தபோது சரசு ஆட்டோவிலிருந்து இறங்கிக்கொண்டிருந்தாள். வீட்டு நைட்டிமேல் ஒரு துண்டு, ஒரு காலில் தன் செருப்பு, இன்னொரு காலில் பிரிட்டோவின் செருப்பு. மகள் முகத்தை இரண்டு கையாலும் பிடித்து, கண்ணை விரித்துப் பார்த்து, நாக்கை நீட்டச் சொல்லிப் பார்த்தாள். பிறகுதான் நஃபீசா பக்கம் திரும்பினாள். கண் கலங்கியிருந்தது.

"நீங்கதானா அந்த அக்கா? தெனம் எம்பொண்ணப் பாத்துக்கறீங்களே, உங்க கால்ல வுழணும்மா. கொய்யா நல்லா இருந்துச்சா?"

"எந்தக் கொய்யா?" என்றாள் நஃபீசா.

"அதான், பாப்பாகிட்ட குடுத்து அனுப்பினேனே. முறுக்கு, கேக்கு…"

நஃபீசா ஜான்சியைப் பார்த்தாள். "ஜன்னலோரம் உக்காந்து நீயே தனியா துன்னுவியே, அந்தக் கொய்யாவா? எப்பவும் ரெண்டு சீட்டுக்குப் பின்னால நான். இந்தப் பொண்ணு ஒரு துண்டு குடுத்தா இன்னா கொறஞ்சா போவும்னு நெனப்பேன்."

ஜான்சி பாயில் எழுந்து உட்கார்ந்தாள்.

"அக்கான்னு யாரும் இல்லம்மா. நான் யார்கிட்டயும் சொல்லல. ஒரு நாள்கூட."

சரசுவின் முகம் சிவந்து, வெளுத்து, மறுபடி சிவந்தது. "பொய்யா? இத்தினி நாளும் பொய்யா? பைத்தியக்காரி மாதிரி நான் நல்லதா பொறுக்கிப் பொறுக்கி…" கை ஓங்கியது, பாதியில் நின்றது. "எழுந்திரு. வீட்டுக்கு நட. போதும் உன் வேலை."

"பொய் சொன்னது தப்பும்மா. சொல்லியிருந்தாலும் வலிப்பு வந்திருக்கும். நான் உன் பேச்சக் கேட்டாலும் வரும், கேக்காட்டியும் வரும்." ஜான்சி நிறுத்தி மூச்சு வாங்கினாள். "வண்டலூர் திருப்பத்துல வந்துச்சும்மா. லாரி போற எடம். பைக்ல கட்டிக்கிட்டு வந்திருந்தா?"

சரசு தன் ஜோடி மாறிய செருப்புகளைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் கண்ணில் அந்தத் திருப்பமும் லாரியும் துப்பட்டாவின் முடிச்சும் ஓடுவது ஜான்சிக்குத் தெரிந்தது.

"இந்தப் பொண்ணு எந்திரிச்ச ஒடனே என்ன செஞ்சுது தெரியுமா?" என்றாள் நஃபீசா, கத்தரிக்கோலைத் துடைத்தபடி. "ஜாபர் பாய்க்குப் போன் போட்டு, பூட்ட ஒடைக்காதீங்க, நான் வரேன்னுச்சு. எம் பசங்க ரெண்டும் கண்ணு முன்னால கெடக்கற சாவிய எடுத்துத் தராதுங்க."

சரசு மேசை ஓரம் உட்கார்ந்தாள். நஃபீசா டீ வாங்கி வந்து இருவருக்கும் கொடுத்தாள். பாதி டீயில் ஜான்சிக்கு ஒன்று தோன்றியது.

"அண்ணன் கூட வரலையா? வீட்ல தூங்குறானா?"

"இன்னும் வரல அவன். ட்ராஃபிக்காம். நான் போன வெச்சிட்டு அப்டியே ஓடியாந்தேன்."

"அப்ப வீட்டைப் பூட்டினியாம்மா?"

சரசு டம்ளரைக் கீழே வைத்தாள். "பூட்டு எங்க கீதுன்னே தெரியலடி. எந்தக் காலத்துல பூட்டினோம் நாம?"

அது உண்மைதான். பதினோரு வருஷமாக அந்த வீட்டில் யாராவது ஒருவர் எப்போதும் இருந்தார்கள். பெரும்பாலும் அது சரசுதான். தங்கை க்ரோம்பேட்டையில் வீடு கட்டிக் கிரகப்பிரவேசம் செய்தபோதுகூட அவள் போகவில்லை. இன்று கதவைச் சும்மா சாத்திவிட்டு வந்திருந்தாள். பீரோ வாயைத் திறந்துகொண்டு நிற்கும்.

"போம்மா சீக்கிரம்" என்றாள் ஜான்சி. "நான் லேபுக்குப் போறேன்."

"இந்த ஒடம்போடயா? உன் கம்பெனியில வேற யாரும் இல்லையா?"

"இருக்காங்க. ஆனா அது நான் வெச்ச புட்டி. நான்தான் பாக்கணும். ஷீலா பக்கத்துல நிப்பா."

சரசு மகளின் உள்ளங்கையைத் திருப்பி, சாவிப் பல் பதிந்த தடத்தைக் கட்டைவிரலால் தடவினாள். பிறகு எழுந்தாள். இருவரும் மாம்பாக்கம் நிறுத்தத்துக்கு வந்தார்கள். ஜான்சியின் பஸ்தான் முதலில் வந்தது. சரசு ஏறிக் கம்பியைப் பிடித்தபடி உள்ளே பார்த்துக் குரல் கொடுத்தாள்.

"கண்டக்டர் சார்! இந்தப் பொண்ணுக்கு…"

"அம்மா." ஜான்சி அவள் கையைக் கம்பியிலிருந்து எடுத்தாள். "நானே சொல்றேன்."

சொன்னாள். புது கண்டக்டர் கேட்டுக்கொண்டு, பாடம் ஒப்பிப்பதுபோல, "ஒருக்களிச்சு. வாயில ஒண்ணும் வேணாம். சரி" என்றார். பஸ் நகர்ந்தது. எதிர்ப்பக்கம் போய்த் தாம்பரம் பஸ்ஸுக்கு நின்ற அம்மாவை ஜன்னல் வழியாகப் பார்த்தாள். நைட்டியும் துண்டும் ஜோடி சேராத செருப்புமாக, முழு உயரத்துக்கும் நிமிர்ந்து நின்றிருந்தாள்.

மத்தியானத்துக்குமேல் ஜான்சி புட்டிகளை வெளியே எடுத்தாள். ஷீலா பக்கத்தில் நின்றாள், தொடவில்லை. ஆக்சிஜன் அளவைக் காட்டும் ரசாயனத்தைத் துளித்துளியாக விட, கண்ணாடிக் குடுவையின் நீலம் வெளுத்துக்கொண்டே வந்து ஒரு துளியில் சட்டென்று மறைந்தது. அந்தத் துளியோடு ஜான்சி நிறுத்தினாள். "கரெக்டா நிறுத்துன" என்றாள் ஷீலா.

மாலை வீட்டுக்கு வந்தபோது கதவில் ஒரு புதுப் பூட்டு தொங்கியது. ஜான்சி திகைத்து நின்றாள். சரசு பக்கத்து வீட்டுப் படியில் உட்கார்ந்து இவள் வருவதைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள் போல. எழுந்து வந்து ஒரு சாவியை நீட்டினாள். புதுசு, எண்ணெய்ப் பிசுக்கு போகாமல் இருந்தது. அதன் தலையில் சிவப்பு நூல் சுற்றியிருந்தது.

"கையில குடுத்தா வலிப்பு நிக்குமான்னு கேக்காத" என்றாள் சரசு. "கதவு தொறக்கும். திங்கக்கிழமை டாக்டர்கிட்ட போயிட்டு வந்ததும் செவ்வாக்கிழமை உன் சித்தி வீட்டுக்குப் போறேன். சாயந்திரம் லேட்டாவும். நீயே தொறந்து சோறு போட்டுத் துன்னு."

"பாத்ரூம் தாழ்ப்பாள்?"

"ரொம்பத்தான் போவாத. டாக்டர கேட்டுச் சொல்றேன்."

டாக்டர் தாழ்ப்பாளுக்குச் சம்மதிக்கவில்லை. கதவில் 'ஆள் இருக்கிறது' என்று ஒரு அட்டை மாட்டிக்கொள்ளச் சொன்னார். அதுவும் ஒன்றும் மோசமில்லை. மாத்திரையைக் கொஞ்சம் கூட்டினார். பஸ்ஸை நிறுத்தச் சொல்லவில்லை.

செவ்வாய்க்கிழமை காலை பக்தவச்சலம் அவளைப் பார்த்ததும், டிக்கெட் பையைத் தட்டி, "வாமா லேப்பு! சாவி போய்ச் சேந்துச்சா?" என்று பஸ் முழுக்கக் கேட்கும்படி கத்தினார். இரண்டு சீட்டுக்குப் பின்னாலிருந்து நஃபீசா கையாட்டினாள். ஜான்சி சரசு கொடுத்த கவரோடு நேராக அவளிடம் போனாள். இந்தமுறை கொய்யா உரிய இடத்துக்குப் போய்ச் சேர்ந்தது. நஃபீசாவுக்குப் பக்கத்தில் இடமில்லை. ஜான்சி முன்னால் வந்து ஜன்னலோரம் உட்கார்ந்தாள்.

பெருங்களத்தூரில் ஒரு அம்மாள் ஏறி, மூச்சு வாங்கப் பக்கத்தில் உட்கார்ந்தார். காலடியில் காய்கறிப் பை. ஜான்சிக்குள் அந்தப் பழைய கூச்சம் வந்து நின்றது. அது போகவே போகாது போல. அதை வைத்துக்கொண்டே பேசினாள்.

"ஆன்ட்டி, ஒரு விஷயம். எனக்கு ஃபிட்ஸ் வரும். இப்ப வராது, வந்தா பயப்படாதீங்க. ஒருக்களிச்சுப் படுக்க வெச்சா போதும். சாவி கீவி எதுவும் குடுக்க வேணாம்."

அந்த அம்மாள் அவளை மேலும் கீழும் பார்த்தார். பிறகு நிம்மதியானவர்போலக் காய்கறிப் பையை இன்னும் கொஞ்சம் நகர்த்தி வைத்தார்.

"எனக்கு சுகர்மா" என்றார். "எறங்கிச்சுன்னா மயக்கமா வரும். பையில கடலை மிட்டாய் கீது, எடுத்து வாயில போடு."

"எந்தப் பக்கம் இருக்கு?"

"கத்திரிக்காய்க்கு அடில."

"சரி" என்றாள் ஜான்சி. பஸ் வண்டலூரில் திரும்பியது.